கீழ்க்குசினி யன்னலில் ஒரு திருகாணி

மதுரா, அபிஷன்,

போன ஞாயிறு சாப்பிட வந்தபோது, அபிஷன் திருகாணி கழற்றும் கருவியோடு கீழே இறங்கிப் போனான். கீழ்க்குசினியின் சின்ன யன்னலில் ஒரு திருகாணி இருக்கிறதல்லவா, அதைக் கழற்றப் பார்த்தான். "அப்பா, உந்த யன்னல் சாத்துப்படவே இல்லை. ஹீற் முழுக்க வெளியிலை போகுது, சீரியஸ்லி!" என்று கீழேயிருந்து கத்தினான். நான் மேலே நின்று, "அதிலை கை வையாதே!" என்று அவனைவிடப் பெரிதாகக் கத்தினேன். பிறகு மேசையில் இரண்டு பேரும் காரணம் கேட்டீர்கள். புட்டும் ஆட்டிறைச்சியும் ஆறிக்கொண்டிருக்கிற இடத்தில் அந்தக் கதையைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. வாயால் சொன்னால் பாதி வழியில் வேறு எங்கோ போய்விடுவேன், அது உங்களுக்கும் தெரியும். ஆகவே எழுதுகிறேன்.

நான் கனக்கப் படித்தவன் இல்லை. பிழை இருந்தால் மதுரா திருத்து. சனிக்கிழமைகளில் அழுதழுது தமிழ் வகுப்புக்குப் போனதற்கு இன்றைக்காவது ஒரு பயன் வரட்டும்.

இரண்டு பேரும் என் தொழிலுக்கே வந்துவிட்டீர்கள். நான் வரச் சொல்லவில்லை, வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. மதுரா ஹீற் பம்ப் பூட்டுகிறாள், அபிஷன் பழகிக்கொண்டிருக்கிறான். வீடு சூடாக்குகிற எண்ணெய் ஃபேர்னஸின் காலம் முடிந்துவிட்டது என்கிறீர்கள். முடியட்டும். எனக்கு அதில் கவலை இல்லை. முழங்காலில் நின்று கரி சுரண்டினவனுக்கு அதன் கஷ்டம் தெரியும், பெருமை தெரியாது. ஆனால் ஸ்காபரோவின் பழைய வீடுகளில் இன்னும் சிலதின் அடியில் அது உறுமிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு நாள் உங்களையும் யாராவது கூப்பிடுவார்கள். வடிகட்டி மாற்றுவது, எண்ணெய் பீச்சும் முனை மாற்றுவது எல்லாம் வகுப்பில் சொல்லித் தருவார்கள். வகுப்பில் சொல்லித் தராததை நான் ஒரு கலியாண வீட்டில் படித்தேன்.

அப்போது நீங்கள் இரண்டு பேரும் சின்னப்பிள்ளைகள். நல்ல மாரி. மூக்கு மயிர் உறைகிற குளிர் என்பேனே, அந்தக் குளிர். நான் பிக்கரிங்கில் ஒரு வேலையை முடித்து என் வான் வண்டிக்குள் ஏறுகிறேன், தொலைபேசி அடிக்கிறது. குணம் அண்ணை.

"தம்பி, எங்கை நிக்கிறீர்? எங்கடை ஃபேர்னஸ் நிண்டு நிண்டு ஓடுது. வீடு நிறையச் சனம். இண்டைக்கு மாப்பிள்ளை வீட்டாக்களும் வருகினம். ஒருக்கா ஓடியாரும்."

குணம் அண்ணையின் வீடு வோபர்னில். மகள் கௌசிக்குக் கலியாணம் அடுத்த கிழமை. வீட்டில் பலகாரச் சூடு நடக்கிறது என்று உங்கள் அம்மா சொல்லியிருந்தா. நாள் பார்த்து முதல் எண்ணெய்த் தாச்சி அடுப்பில் வைத்து ஒரு சில நாள் ஆகிறது. முறுக்கு, சிப்பி, பயத்தம் பணியாரம், அரியதரம் என்று பேஸ்மென்ற் குசினியில் விடியத் தொடங்கினால் பொழுதுபட்டும் முடியாதாம். மேலே கூறைச்சேலையும் மற்றச் சேலைகளும் அடுக்கிக் கிடக்கிறதால் எண்ணெய் மணம் மேலே ஏறக்கூடாது. அதற்காகவே குணம் அண்ணை கீழே பெரிய உறிஞ்சு விசிறிகள் இரண்டு புதிதாகப் பூட்டியிருந்தார். கடையில் இருந்ததில் பெரியது. "பக்கத்து வீட்டுப் பூனையையும் உறிஞ்சிப்போடும்" என்று எனக்கே சொல்லிச் சிரித்தவர்.

நான் போனபோது அவர் வாசலில் பனிக்குள் நின்று சிகரெட் குடித்துக்கொண்டிருந்தார். நல்ல உற்சாகம். தொப்பியும் இல்லை.

"சிவப்புப் பட்டனை அழுத்தினனீங்களோ அண்ணை?"

"ஓம், அழுத்தினனான்."

"எத்தனை தரம்?"

"ஒருக்கா."

பிள்ளைகள், இத்தனை வருடத்தில் நான் இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு இல்லை. படித்தவர், படியாதவர், வெள்ளைக்காரர், எங்கடை ஆட்கள், எல்லாரும் சொன்ன பதில் இதுதான். ஒருக்கா. எனவே அந்தப் பதிலைக் கேட்டதும் நான் மனதுக்குள் எழுதிக்கொள்வது: பல தரம்.

அந்தப் பட்டன் ஏன் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். தீ சரியாகப் பிடிக்காவிட்டால் ஃபேர்னஸ் தானாக நின்றுவிடும். பட்டனை அழுத்தினால் திரும்ப ஒருமுறை பார்க்கும். பார்க்கிற ஒவ்வொரு தரமும் உள்ளே எண்ணெய் பீச்சும். பற்றாத எண்ணெய் எங்கேயும் போகாது, அடியில் தேங்கிக் கிடக்கும். கடைசியில் ஒரு தரம் பற்றும்போது அத்தனையும் சேர்ந்து பற்றும். ஃபேர்னஸ் நிற்பது எங்களோடு கோபித்துக்கொண்டு அல்ல. ஏதோ சொல்ல வருகிறது. நாங்கள் அதன் வாயைப் பொத்திப்பொத்தி, "ஓடு, ஓடு" என்கிறோம்.

வாசலில் சப்பாத்துகள் மலை போலக் கிடந்தன. உள்ளே போனதும் எண்ணெயும் ஏலக்காயும் மணந்தது, அதற்கு மேலால் தலையிடிக்குப் பூசுகிற ஓடிக்கொலோன் மணம். அது எனக்குக் கொஞ்சம் புதினமாக இருந்தது. பார்த்தால் கௌசியின் தாய் பவானி அக்கா நெற்றியில் ஈரத்துணி கட்டிக்கொண்டு படியேறி வருகிறா.

"என்னக்கா, தலையிடியோ?"

"நித்திரை இல்லைத் தம்பி. கலியாணம் முடிஞ்சால் எல்லாம் சரியாகும். கீழை எல்லாருக்கும் தலையிடிதான். தாச்சிச் சூடு. கண்ணூறாயும் இருக்கும். வந்து போற சனம் எல்லாம் 'என்ன பலகாரம் என்ன பலகாரம்' எண்டு வாயைப் பிளந்தால் வேறை என்ன நடக்கும்?"

விடியத்தொட்டுக் கீழே பலகாரம் சுட்டுவிட்டு வந்த கிளி அன்ரி மேல்குசினியில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தா. அவ பவானி அக்காவின் ஒன்றுவிட்ட தமக்கை. மனம் கெட்டவ இல்லை, வாய் மட்டும் சும்மா இராது. பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு, எனக்கும் கேட்கிற மாதிரித்தான், இரகசியம் சொன்னா.

"உவள் கௌசிப் பெட்டைக்கு விடிய எழும்பினால் ஓங்காளம், சத்தி. வேலைக்குப் போனால் நல்ல சுகமாம், வீட்டுக்கு வந்தால் திரும்பச் சத்தியாம். எனக்கெண்டால் விளங்குது. தாய்க்குத்தான் விளங்கேல்லை."

"சும்மா இருங்கோ அக்கா. சம்பந்தி வீட்டாக்கள் வாற நேரம்."

"நான் என்ன பிழையாச் சொன்னனான்? ஒண்டில் அந்தக் கதை, இல்லாட்டில் மாப்பிள்ளையைப் பிடிக்கேல்லை."

எனக்குக் காது சூடானது. கௌசியை நான் சின்ன வயதில் தூக்கியிருக்கிறேன். அங்கே நின்று அந்தக் கதையைக் கேட்பதே வெட்கமாக இருந்தது. தொழிலுக்கு வந்தவன் வீட்டு வம்பு கேட்கக்கூடாது என்று நினைத்துத்தான் படியிறங்கினேன். பாதிப் படியில் கால் நின்றுவிட்டது.

வேலைக்குப் போனால் சுகம். வீட்டுக்கு வந்தால் வருத்தம். கீழே எல்லாருக்கும் தலையிடி. அடிக்கடி வெளியே சிகரெட் குடிக்கப் போகிற குணம் அண்ணை மட்டும் குதிரை மாதிரி நிற்கிறார்.

திரும்பிப் பவானி அக்காவிடம் கேட்டேன். "கௌசி எங்கை படுக்கிறவள்?"

"கீழைதான். பிரான்சிலையிருந்து வந்த ஆக்களுக்குத் தன்ரை அறையைக் குடுத்திட்டாள். ஃபேர்னஸ் அறைக்குப் பக்கத்து அறை. இப்பவும் படுத்திருக்கிறாள்."

"இரவிலை விசிறி?"

"ஓடவிடுறனாங்கள். இல்லாட்டில் மணம் நிண்டிடும்."

பிள்ளைகள், அந்த வம்புக்குள்ளேதான் விடை இருந்தது. கிளி அன்ரி கண்டதெல்லாம் சரி. கட்டின முடிவுதான் பிழை. ஒரு வீட்டுக்குள் போனால் இயந்திரத்திடம் போகமுதல் சனம் கதைக்கிறதைக் கேளுங்கள். யார் எங்கே படுக்கிறார்கள், யாருக்கு எங்கே சுகமாக இருக்கிறது, யாருக்கு எங்கே வருத்தம் வருகிறது. அவர்கள் சொல்லுகிற காரணத்தை விட்டுவிடுங்கள். சொல்லுகிற செய்தியை விடாதீர்கள்.

நான் வானுக்கு ஓடி, நச்சு வாயு அளக்கிற மீற்றரை எடுத்துவரத் திரும்பினேன். அதற்கிடையில் குணம் அண்ணை எனக்கு உதவி செய்கிறேன் என்று என்னை முந்திக் கீழே போய்விட்டார். "இஞ்சை பாருமன், அழுத்தினால் ஓடும்!" என்ற குரல் கேட்டது. பிறகு ஒரு சத்தம். இடி இல்லை. பெரிய தகரப் பெட்டிக்குள் ஒருவர் காலால் உதைத்தது மாதிரி ஒரு "டும்." படியில் என் காலுக்குக் கீழே பலகை அதிர்ந்தது. பெண்கள் "ஐயோ!" என்றார்கள். குணம் அண்ணை முகமெல்லாம் கரியோடு ஃபேர்னஸ் அறைக்குள் இருந்து வந்தார். கண்களின் வெள்ளை மட்டும் தெரிந்தது.

"ஒருக்காத்தான் அழுத்தினனான்," என்றார்.

நான் சுவரில் இருந்த ஃபேர்னஸின் பெரிய சுவிச்சை நிற்பாட்டினேன்.

"அலாம் எங்கை அண்ணை? காபன் மொனொக்சைட் அலாம்?"

எங்கடை வீடுகளின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். மீன் பொரிப்பதென்றால் முதலில் அலாமைக் கழற்றுவோம், பிறகுதான் தாச்சியைத் தேடுவோம். புகைக்கும் மணமே இல்லாத அந்த நச்சு வாயுவுக்கும் சேர்த்து ஒரே அலாம்தான் அந்த வீட்டில்.

"அதைக் கழட்டி, துவாயிலை சுத்தி, காருக்குள்ளை வைச்சிட்டன். சும்மா சும்மா கத்துது. தாச்சி வைக்கமுந்தியே கத்தத் தொடங்கிட்டுது."

"தாச்சி வைக்க முந்தியோ?"

"ஓம். விடியவெள்ளணை."

சொல்லிவிட்டு அவரே என் முகத்தைப் பார்த்தார். அடுப்பு எரியாத நேரத்தில் எந்தப் புகைக்கு அது கத்தியது என்று அவருக்கும் அப்போதுதான் தோன்றியிருக்கவேண்டும். கரி பூசின முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல வடிந்தது.

நான் வானுக்கு ஓடி மீற்றரோடு திரும்பிவந்தேன். படியின் அடிக்கு வரமுதலே அது அலறத் தொடங்கியது. இலக்கத்தை எழுதமாட்டேன், நீங்கள் பயப்படுவீர்கள். "எல்லாரும் வெளியிலை போங்கோ. இப்பவே. தாச்சியை நிப்பாட்டுங்கோ," என்றேன்.

யாரும் அசையவில்லை. அதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம். எல்லாரும் உடனே ஓடுவார்கள் என்று நினைக்காதீர்கள். தாச்சியில் அரியதரம் மிதக்கிறது. மா குழைத்து வைத்தாகிவிட்டது. வெளியே உறைகிற குளிர். கையில் ஒரு சின்னப் பெட்டி கீச்சிடுகிறது, அதைப் பிடித்துக்கொண்டு ஒருவன் போ என்கிறான்.

"இந்தச் சூட்டை மட்டும் எடுத்திட்டு வாறம் தம்பி," என்றார் ஒருவர். "நல்ல காரியத்திலை அடுப்பை இடையிலை நிப்பாட்டக் கூடாது," என்றார் இன்னொருவர். எனக்குக் கோபம் வந்தது. கோபித்தால் அவர்களும் கோபித்துக்கொண்டு நிற்பார்கள் என்றும் தெரிந்தது. இலக்கம் யாரையும் நகர்த்தாது. கண்ணுக்குத் தெரியவேண்டும்.

குசினி மூலையில், பலகாரத்துக்கு முதல் படைத்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது. அதை எடுத்தேன். ஃபேர்னஸிலிருந்து சிம்னிக்குப் போகிற குழாயில் ஒரு தொங்கு தகடு இருக்கும். வீட்டுக் காற்று அதன் வழியாக உள்ளே இழுபட்டு, புகையோடு சேர்ந்து சிம்னியால் மேலே போகவேண்டும். அதன் வாயில் ஊதுபத்தியைப் பிடித்தேன். ஃபேர்னஸ் நின்றிருந்தது, விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. புகை உள்ளே போகவில்லை. யாரோ உள்ளே இருந்து ஊதுவது மாதிரி, எங்கள் பக்கம் வளைந்து, வாசலில் நின்ற பெண்களின் முகத்துக்கு நேரே வந்தது.

"பாத்தீங்களோ? சிம்னியாலை மேலை போகவேண்டிய புகையை விசிறி கீழை இழுக்குது. நீங்கள் இவ்வளவு நாளும் குடிச்சது இந்தக் காத்தைத்தான்."

தாச்சி அடுப்பு நின்றது. விசிறி நின்றது. பெண்கள் மா ஒட்டின கையோடு படியேறினார்கள்.

கௌசி எழும்பவில்லை. கூப்பிட்டால் கண் திறந்தாள், "ஏஞ்சல் அக்கா வந்திட்டாவோ?" என்று கேட்டாள். ஏஞ்சல் அவளோடு வேலை செய்கிற பிள்ளை. தான் எங்கே கிடக்கிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. நானும் குணம் அண்ணையும் போர்வையோடு தூக்கிக்கொண்டு வந்து, வாசலுக்கு வெளியே என் வானின் முன் ஆசனத்தில் வைத்தோம். நான் தொலைபேசியை எடுத்தேன். பவானி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டா.

"தம்பி, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், அம்புலன்ஸைக் கூப்பிடாதேங்கோ. மாப்பிள்ளை வீட்டாக்கள் வந்துகொண்டிருக்கினம். வாசலிலை அம்புலன்ஸ் நிண்டு, பொம்பிளையைப் படுக்கையிலை ஏத்திறதைக் கண்டால், அதுவும் சத்தி எண்டு கேள்விப்பட்டால்... சனம் என்ன கதைக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாதே? நீங்களே வானிலை கொண்டுபோய்க் காட்டுங்கோ. ஒருத்தருக்கும் தெரியாது."

அவ மேல்குசினிக் கதையைக் கேட்டிருக்கிறா. கேட்காதது மாதிரி நின்றிருக்கிறா, அவ்வளவுதான்.

நான் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது நியாயமாகவே பட்டது. வான் நிற்கிறது. ஆஸ்பத்திரி தூரம் இல்லை. ஒரு பிள்ளையின் பெயர், ஒரு தாயின் மானம். இயந்திரத்தைப் பற்றின முடிவென்றால் எனக்குச் சுலபம். இது மனிதருடைய முடிவு. ஒரு மூச்சு விடுகிற நேரம் யோசித்தேன். அந்த நேரத்தில் கௌசியின் கையைப் பார்த்தேன். மருதாணி போட்ட விரல்களை மூடப் பார்த்தாள், அவளால் மூட முடியவில்லை. அவளுக்கு இப்போது வேண்டியது என் வானில் இல்லை. அது அம்புலன்ஸில் வருகிற ஒட்சிசன். பின்னால் பனியில் நிற்கிற மற்ற எல்லாரையும் யாராவது பார்க்கவும் வேண்டும்.

"அக்கா, சனம் கதைக்கிறதை நாளைக்கு நிப்பாட்டலாம். இதை இப்ப நிப்பாட்டவேணும்," என்று சொல்லிவிட்டு அழைத்தேன். அவ என் கையை உதறிவிட்டுப் போய் மகளுக்குப் பக்கத்தில் நின்றா. அந்த நேரம் அவ என்னை மன்னிக்கவில்லை.

தீயணைப்பு வாகனம், அம்புலன்ஸ் இரண்டும் ஒன்றாக வந்தன. சரியாக அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டுக் காரும் வந்து நின்றது. தாயும் இரண்டு பெண்களும் தட்டமும் பூவுமாக இறங்கினார்கள். தெரு முழுக்கச் சிவப்பு விளக்கு. எங்கடை பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் தாய் படுக்கையில் கிடந்த கௌசியைக் கண்டா. மூக்கில் ஒட்சிசன் மூடி.

"என்ன நடந்தது பிள்ளைக்கு?"

கிளி அன்ரி வாய் திறந்தா. என்ன சொல்ல வந்தா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வாய் திறந்தவ அப்படியே குனிந்து பனிக்குவியலில் சத்தி எடுத்தா. இன்னொரு பெண் தலையைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்துவிட்டா.

நான் எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். "வீட்டுக்குள்ளை நச்சுக் காத்து. சிம்னிக் காத்து திரும்பி உள்ளை வந்திட்டுது. கீழை இருந்த எல்லாருக்கும் ஒரே வருத்தம்தான். கௌசி கீழை படுத்தவள், அவளுக்குத்தான் கூடுதல்."

குணம் அண்ணை, கரி முகத்தோடு, கண்ணில் நீரோடு, அந்த மனிதன் அப்போதும் விடவில்லை. "கிளி அக்காவுக்குமோ? இந்த வயதிலை என்னக்கா இது?" என்றார்.

முதலில் சிரித்தது கிளி அன்ரிதான். சத்தி எடுத்த வாயைத் துடைத்துக்கொண்டு, "போடா நீ!" என்றா. அவவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாப்பிள்ளையின் தாய் சிரிக்கவில்லை. தன் மேல்கோட்டைக் கழற்றிக் கௌசியின் போர்வைக்கு மேலால் போட்டா. "இந்தக் குளிருக்கை பிள்ளையை இப்பிடியே கிடத்தி வைச்சிருக்கிறது!" என்று அம்புலன்ஸ்காரரைத் தமிழில் ஏசினா. பிறகு தானே உள்ளே ஏறிப் பக்கத்தில் இருந்துகொண்டா. பவானி அக்காவுக்கு இடம் விடச் சொல்லித்தான் அவவை இறக்கவேண்டி வந்தது.

தீயணைப்புக்காரர் அறை அறையாக அளந்தார்கள். நான் அவர்களோடு ஃபேர்னஸ் அறைக்குள் போனேன். வெளிக்காற்று வருகிற குழாய் ஒன்று சுவரில் இருக்கும், ஃபேர்னஸ் மூச்சு விடுவதற்கு. அதன் வாய்க்குள், வீட்டில் உடுக்கிற ஒரு சாறம் திணித்திருந்தது. நீலக் கட்டம் போட்ட நல்ல சாறம். இழுக்க இழுக்க வந்தது. மா குழைக்கிற இடத்தில் குளிர்காற்று அடிக்கிறதென்று குணம் அண்ணை அடைத்தது. ஒரு பக்கம் காற்றை வெளியே இறைக்கிற விசிறி இரண்டு, இன்னொரு பக்கம் காற்று வரும் வழியில் சாறம். வீடு வேறு எங்கேயிருந்து மூச்சை எடுக்கும்? சிம்னியால் எடுத்தது. ஃபேர்னஸ் காற்றில்லாமல் திணறி நின்றது. நின்றதை அவர் பட்டனால் எழுப்பினார். எல்லாரும் நல்லதுக்குத்தான் செய்தார்கள். சேலைக்கு மணம் பிடிக்கக்கூடாது, பெண்களுக்குக் குளிரக்கூடாது, விருந்தாளிக்கு அறை வேண்டும், அலாம் கத்தி நல்ல காரியம் குழம்பக்கூடாது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒன்றிலும் கெட்ட எண்ணம் இல்லை.

நான் ஃபேர்னஸைப் பூட்டி, சிவப்பு அட்டை கட்டினேன். சரியாக்கும்வரை யாரும் ஓட்டக்கூடாது என்பதற்கு. "வேலை முடியுமட்டும் வீடு குளிருமே தம்பி," என்றார் குணம் அண்ணை. "குளிரும் அண்ணை," என்றேன். அவர் தலையாட்டினார். கையில் அந்தச் சாறத்தை வைத்திருந்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் மடித்து மடித்து வைத்திருந்தார்.

கௌசிக்குப் பாதிப்பு ஒன்றும் மிஞ்சவில்லை. இரத்தத்தில் அந்த வாயு இருந்ததென்று வைத்தியர் சொன்னார். சொன்னதைப் பவானி அக்கா அந்த மாலையே எல்லாருக்கும் தொலைபேசியில் சொன்னா. கிளி அன்ரி அதைவிட வேகமாகச் சொன்னா. மோர்னிங்சைட், வோபர்ன், மார்க்கம் எல்லாம் அவவே பரப்பினா. கதையைத் தொடங்கின வாயே அதை முடித்தும் வைத்தது. கலியாணம் குறித்த நாளில் நடந்தது. கௌசி மணவறையில் இருந்து என்னைக் கண்டு, ஐயர் சொல்லுவதையும் விட்டுவிட்டுச் சிரித்தாள். பவானி அக்கா பந்தியில் என் இலையில் தன் கையால் பாயசம் விட்டா. எனக்குப் போதும்.

இப்போது திருகாணிக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரியால் எல்லாரும் திரும்பிய அந்த மாலை, மிச்சப் பலகாரத்துக்கு இடம் இல்லை. குழைத்த மா, பாகு, பயறு எல்லாம் குளிர்ந்த வீட்டில் கிடக்கிறது. அம்மா என்னைக் கேளாமலே தொலைபேசியில் சொல்லிவிட்டா: "எங்கடை வீட்டிலை வந்து சுடுங்கோ பவானி. கீழ்க்குசினி சும்மாதானே கிடக்கு. இவர் அங்கையும் உறிஞ்சு விசிறி பூட்டி வைச்சிருக்கிறார்." எனக்குச் சந்தோஷம்தான்.

அடுத்த நாள் காலை, பெண்கள் வரமுதல், நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு எழும்பமுதல், நான் கீழே இறங்கினேன். எங்கள் வீட்டில் எண்ணெய் இல்லை, காஸ். ஆனால் தண்ணீர் சூடாக்குகிற காஸ் ஹீற்றருக்கும் அதே சிம்னிதான். யன்னலைச் சாத்தினேன். விசிறியை முழு வேகத்தில் போட்டேன். சுடுதண்ணிக் குழாயைத் திறந்துவிட்டேன், ஹீற்றர் பற்றட்டும் என்று. சாமித் தட்டில் இருந்து ஒரு ஊதுபத்தி எடுத்துப் பற்றவைத்து, ஹீற்றரின் தலையில் குழாய் தொடங்குகிற இடத்தில் பிடித்தேன்.

புகை யோசித்தது. கொஞ்சம் உள்ளே போனது. பிறகு என் பக்கம் திரும்பியது.

யன்னலை ஒரு விரல் அளவு திறந்தேன். புகை நின்றது. இரண்டு விரல். ஆடியது. நாலு விரலுக்குத் திறந்தபோது நேராக எழும்பி, குழாய்க்குள் போய், காணாமல் போனது. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதும் போய்க்கொண்டே இருந்தது.

மேலே வாசலில் காரின் கதவுச் சத்தம் கேட்டது. வருகிறார்கள். குளிர்காற்று வருகிறதென்று யாராவது அந்த யன்னலைச் சாத்துவார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சாத்துவார்கள். சாறம் கொண்டுவந்தாலும் வருவார்கள்.

ஊதுபத்தியின் மிச்சத்தைப் பிள்ளையாருக்கு முன்னால் குத்திவிட்டு, கருவிப் பெட்டியைத் திறந்தேன். நாலு விரல் இடைவெளிக்குக் குறைய யன்னல் சாத்துப்படாதபடி, சட்டத்தில் ஒரு நீளத் திருகாணி வைத்து, கை நோகும்வரை இறுக்கினேன்.